ஊகமும் தீர்ப்பும்

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மாண்டுபோன ஓர் இளவரசனைப் பற்றிய கேள்வி இது. இன்று பரளச்சியின் தேநீர்க் கடையிலே கேட்கப்படுகிறது. அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பேருந்திலே கேட்கப்படுகிறது. கரிமூட்டம் பிரிக்கும் இடத்திலும், வறண்ட கண்மாயின் கரையிலும் கேட்கப்படுகிறது. ஐந்து பாகங்களையும் கரைத்துக் குடித்தவனும், இரவல் வாங்கி ஒரே பாகத்தைப் படித்தவனும், திரைப்படத்தை மட்டுமே கண்டவனும் கூடி நின்று வழக்காடுகின்றனர். நந்தினி என்கிறான் ஒருவன். இரவிதாசன் என்கிறான் இன்னொருவன். பழுவேட்டரையர் எறிந்த கத்தி என்கிறான் மூன்றாமவன். அவனே தன் சாவைத் தேடிக்கொண்டான் என்று நான்காமவன் சாதிக்கிறான்.

வீண் பேச்சு என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மழை பொய்த்த சீமையிலே, பிழைப்புத் தேடி வெளியூர் செல்லவேண்டிய வாலிபர்கள், என்றோ இறந்த இளவரசனுக்காகத் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பதா என்று கடிந்துகொள்கின்றனர். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவரல்லோம். ஊகிப்பது அறிவின் முதல் அசைவு. ஏன், எப்படி, யார் என்று கேட்கத் தெரிந்தவன்தான், பின்னொரு நாள் கோயிலிலும் கேட்பான், கச்சேரியிலும் கேட்பான், கூலி வாங்கும் இடத்திலும் கேட்பான். எனவே ஊகத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஊகத்துக்கும் ஓர் அறம் உண்டு. அந்த அறத்தின் எல்லை எது என்று ஆராயவே வருகிறோம்.

கதை, வரலாறு, வாழ்வு என்று மூன்று களங்கள் உள்ளன. மூன்றிலும் மனிதன் ஊகிக்கிறான். ஆனால் மூன்றிலும் ஊகத்துக்கு ஒரே உரிமை உண்டா? இதுதான் கேள்வி.

முதலில் கதையை எடுத்துக்கொள்வோம்.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' வார ஏட்டிலே தொடங்கி, மணியத்தின் ஓவியங்களோடு, 1954 வரை தொடர்ந்தது. வாரம் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு வாரக் காத்திருப்பு. காத்திருப்புக்கு ஆயிரம் ஊகம்! கதை முடிந்தபோது சில முடிச்சுகள் அவிழாமலே நின்றன. வாசகர்கள் விட்டார்களில்லை. அவன் என்ன ஆனான், அவள் என்ன ஆனாள், கொன்றவர் யார் என்று அடுக்கினர். கல்கி முடிவுரை ஒன்று எழுதி விளக்கம் கூற நேர்ந்தது. 1954 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். கேள்விகள் மறையவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' எழுதி, இராசராசன் பெரிய கோயில் எழுப்பிய காலத்துக்கு வாசகரை அழைத்துச் சென்றார். 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகத் திரைப்படம் வந்தது. படம் கொலைக்கு ஒரு விடையைக் காட்டியது. விடை கிடைத்த பின்னும் வழக்கு ஓயவில்லை! ஒருவர் கட்டிய மாளிகையிலே பலர் குடியேறிவிட்டனர். ஆளுக்கோர் அறை கட்டுகின்றனர்.

அந்த மாளிகையிலே மந்திரமும் உண்டு, மர்மமும் உண்டு. வானிலே வால் நட்சத்திரம், குடந்தையிலே சோதிடர், பழுவூர் அரண்மனைக்கு வந்துபோகும் மந்திரவாதி. நந்தினி மந்திரம் கற்றவள், அதனால்தான் கண்டவர் எல்லாம் மயங்கினர் என்று சில நண்பர்கள் உறுதியாகவே வாதிக்கின்றனர். அவர்களை ஒன்று கேட்கிறோம்: மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்த இரவிதாசன், உள்ளே கொண்டுபோனது என்ன? மந்திரமா? இல்லை, சதித்திட்டம்! மந்திரவாதி என்றால் காவலன் அஞ்சுவான், கணவன் சகிப்பான், கேள்வி எழாது. ஆகவே அந்த வேடம். மந்திரம் என்று ஊரார் கண்ட இடத்திலே கதையாசிரியர் அரசியலை வைத்தார். கூர்ந்து படிப்பவன் இதைக் காண்பான். மயங்கிப் படிப்பவன் காவலனோடு சேர்ந்து ஏமாறுவான்.

வால் நட்சத்திரம் தோன்றுகிறது, அரச குலத்தில் ஒருவர் மடிவார் என்று மக்கள் நடுங்குகின்றனர், இளவரசன் மடிகிறான். பலித்துவிட்டது! ஏன் பலித்தது? வானிலே அதை ஏற்றியவரும், மண்ணிலே இளவரசனை வீழ்த்தியவரும் ஒரே எழுத்தாளர். இரண்டும் ஒரே பேனாவின் மை. நம் தலைக்கு மேலிருக்கும் வானமோ எழுத்தாளர் கையில் இல்லை. 1682இல் தெரிந்த வால்மீனைக் கணக்கிட்ட எட்மண்ட் ஹாலி, அது 1758ஐ ஒட்டித் திரும்பும் என்றார். அவர் இறந்த பிறகு, சொன்ன ஆண்டிலேயே அது வந்தது. 1910இல் வந்தது. 1986இல் வந்தது. எந்த இளவரசனின் சாவுக்காகவும் அது புறப்படவில்லை. எந்த இளவரசன் பிழைத்ததற்காகவும் தயங்கி நிற்கவில்லை.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. கதைக்குள்ளே எதுவும் வீணுக்கு இல்லை. மீன் சின்னம் பொறித்த வாள் ஏன் காட்டப்பட்டது, ஆந்தை ஏன் கத்தியது, ஓலை ஏன் தொலைந்தது என்று கேட்டால், ஆசிரியர் ஏதோ ஒரு நோக்கத்தோடுதான் வைத்தார் என்று பதில் கூறலாம். ஆகவே கதைக்குள்ளே தடயம் தேடுவது முறையான வாசிப்பே. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எழுதப்படாத அறை ஒன்று கதைக்குள்ளே எங்கும் ஒளிந்திருக்கவில்லை. கல்கி எழுதாமல் விட்டதற்குப் பின்னாலே, யாரோ பூட்டி வைத்த உண்மை ஒன்று கிடக்கவில்லை. நந்தினியின் தந்தை யார் என்பதற்குப் பொருத்தமான விடை, பொருந்தாத விடை என்று இரண்டு இருக்கலாம். 'உண்மையான' விடை என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

எனவே கதைக்களத்திலே ஊகத்துக்கு முழு உரிமை வழங்குகிறோம். விளையாடுங்கள், வாதாடுங்கள், அத்தியாயத்தைக் காட்டி மறுத்துப் பேசுங்கள். யாருக்கும் நட்டமில்லை. நந்தினி மான நட்ட வழக்குப் போடப்போவதில்லை!

ஆனால், ஆதித்த கரிகாலன் கற்பனைப் பாத்திரம் மட்டும்தானா? இங்கேதான் இரண்டாவது களம் தொடங்குகிறது.

கரிகாலன் இருந்தான். இரண்டாம் பராந்தகன் எனும் சுந்தர சோழனின் மூத்த மகன். சேவூர்ப் போரிலே பாண்டியன் வீரபாண்டியனை வென்று, 'பாண்டியன் தலைகொண்ட' என்று பட்டம் சூடிக்கொண்டவன். ஏறத்தாழ கி.பி. 970ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான். அவனைக் கொன்றவர்கள் பற்றிய செய்தி, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டிலே இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987ஐ ஒட்டிய காலத்தது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பெயர் சொல்லி, பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று குற்றம் சொல்லி, அவர்தம் சொத்துகள் கைப்பற்றப்பட்டதைப் பேசுகிறது.

கல்வெட்டு சொல்வது இது. சொல்லாதது எது? கொலை எங்கே நடந்தது என்று சொல்லவில்லை. ஏன் கொன்றனர் என்று சொல்லவில்லை. பின்னாலிருந்து ஏவியவர் எவரேனும் உண்டா என்று சொல்லவில்லை. எவர் விசாரித்தார், எந்தச் சான்று கண்டார் என்றும் சொல்லவில்லை. கொலைக்கும் கல்வெட்டுக்கும் இடையே 15 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடோ, விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் ஆதித்தன் சென்றான் என்று நாகரிகமாக நகர்ந்துவிடுகிறது. கொலையின் மீது வானுலகத்தை எடுத்துப் போர்த்தியது அரசவைக் கவிதை!

இந்த மௌனத்திலே ஊகங்கள் முளைத்தன. 1935இல் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய கே.ஏ. நீலகண்ட சாத்திரியார், அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழன்மீது ஐயுற்றார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல். ஆகவே இது பாண்டியரின் பழிவாங்கல் என்றனர் சிலர். அப்படியானால் இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்ற பட்டம் சோழன் தந்ததன்றோ என்று மறுத்தனர் வேறு சிலர். முடிவிலே அரியணையும் புகழும் பெற்றவன் இராசராசன். ஆகவே அவனும் அவன் தமக்கை குந்தவையும்தான் காரணம் என்று அண்மைக் காலத்திலே துணிந்து கூறுவோரும் உளர்.

கல்கி இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்று கவனித்தோமானால் புன்னகை வரும். உத்தம சோழன் பேராசைக்காரனா, நல்லவனா? அவர் ஒரு மதுராந்தகனை இருவராக்கிவிட்டார்! பேராசை கொண்டு சதிக்கு இரையான மதுராந்தகன் வேறொருவன். செம்பியன் மாதேவியின் உண்மை மகன், பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன். அவனே பின்பு உத்தம சோழனாகிறான். குற்றச்சாட்டு ஒருவன் மீது, அரியணை இன்னொருவனுக்கு. கதையாசிரியருக்கு இந்த உரிமை உண்டு. வரலாற்றாசிரியருக்கு இல்லை. கிடைத்த சான்றுக்கு மேலே ஓர் அங்குலம் சென்றாலும், 'இது ஊகம்' என்று எழுதிவைக்கக் கடமைப்பட்டவர் அவர்.

பயன் பெற்றவனே செய்தவன் என்ற வாதம் கேட்பதற்கு அழகாயிருக்கிறது. ஆராய்ந்தால் தள்ளாடுகிறது. இராசராசன் 985இல்தான் அரசனாகிறான். இடையே உத்தமன் ஆண்ட காலம் முழுதும் காத்திருக்கும் கொலைகாரனைக் கற்பிக்கவேண்டும். உத்தமன்தான் என்றால், சான்று கேட்போருக்குக் காட்ட அவன் பெற்ற அரியணையைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை. தந்தை இறந்தால் நிலம் மகனுக்கு வருகிறது. அதனால் மகனெல்லாம் தந்தையைக் கொன்றவனா? பயன் என்பது விசாரணைக்குத் தொடக்கம். அதுவே தீர்ப்பாகிவிடாது.

இன்னும் ஒன்று சொல்லியாகவேண்டும். நம் நண்பர்களுக்குக் கசந்தாலும் சொல்லியாகவேண்டும். பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட பட்டம். அதைக் கண்டதும், கொன்றது மூவரல்லர், ஒரு சாதியே கொன்றது என்று எழுதி மகிழ்வோர் நம்மிடையே இருக்கின்றனர். சாதி ஆதிக்கத்தை நாம் எதிர்க்கிறோம். அந்த எதிர்ப்புக்குக் கண்முன்னே கோடிச் சான்றுகள் கிடக்கின்றன. ஒரு கல்வெட்டின் மௌனத்திலிருந்து கடன் வாங்கவேண்டிய ஏழ்மை நமக்கில்லை. நமக்குப் பிடிக்காதவன் செய்தான் என்பதாலேயே ஓர் ஊகம் உண்மையாகிவிட்டால், பிடிக்காதவர்மீது பழிபோடும் பழைய புராணத்துக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? நம் நாவுக்கு இனிக்கும் ஊகத்தைத்தான் நாம் இருமடங்கு சோதிக்கவேண்டும். கசப்பானதைச் சோதிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

பரளச்சி மண் பாண்டிய மண் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டுக் கண்கலங்கும் நாம், வீரபாண்டியனின் தலை என்ன ஆயிற்று என்று கேட்டதுண்டா? அந்தக் கொலைக்குக் கல்வெட்டிலே 'துரோகம்' என்று பெயரில்லை. பட்டம் என்று பெயர். அந்த வீரபாண்டியனும் முன்பு 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனே. ஒரு தலை விழுந்தால் விருது, இன்னொரு தலை விழுந்தால் மர்மம்! யார் கதையைச் சொல்கிறாரோ, அவர் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்தே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். இதை உணர்வது பகுத்தறிவின் இரண்டாம் பாடம்.

உடையார்குடிக் கல்வெட்டை மீண்டும் படிப்போம். சொத்து இழந்தவர்கள் கொன்றவர்கள் மட்டுமல்லர். அவர்களின் உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், மாமன்மார், அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள், அந்த வீட்டிலே பெண் எடுத்தவர்கள் என்று வலை விரிகிறது. குற்றம் செய்தவன் ஒருவன். அவன் தங்கையை மணந்தவன் நிலத்தை இழக்கிறான்! சம்பந்தம் செய்துகொண்டது சதியா? மாமன் முறையாவது மரண பாதகமா? அன்றைய அரசுகள் அப்படித்தான் தண்டித்தன என்று சமாதானம் கூறலாம். அன்று நடந்தது என்பதாலே அது அறமாகிவிடாது. கொன்றவர் யார் என்று நூறு வகையாக ஊகிக்கும் நாம், கொல்லாமலே தண்டிக்கப்பட்ட அந்தப் பெயரற்ற மாமன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே! மர்மத்தின் கவர்ச்சி நம்மை அநீதியைக் காணாதபடி செய்துவிடுகிறது.

தமிழர்க்கு இந்தப் பாடம் புதிதன்று. மதுரையிலே கோவலன் வெட்டுண்டது எதனால்? கையிலே சிலம்பு இருந்தது, அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது, பொற்கொல்லன் ஒரு கதை கட்டினான், இரண்டும் பொருந்தின. பொருந்தியது போதும் என்று அரசன் வாயிலிருந்து ஆணை பிறந்தது. பொருந்துவது வேறு, மெய்ப்படுவது வேறு என்று எண்ண ஒரு நாழிகை இல்லாமற் போயிற்று. பிறகு கண்ணகி வந்தாள். அவள் ஊகத்தோடு வரவில்லை, சோதனையோடு வந்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலே முத்து. உடைத்தனர், மாணிக்கம் தெறித்தது. உடைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கோவலன் உயிரோடு இருந்தபோதே உடைத்திருக்கலாமே! தவறு தெரிந்த கணத்திலே உயிர் நீத்த பாண்டியனை இளங்கோவடிகள் உயர்த்திக் காட்டினார். நாமும் மதிக்கிறோம். ஆனால் அரசனின் மானம் கோவலனை எழுப்பவில்லை.

இனி மூன்றாவது களம். வாழ்வு.

நம் வறண்ட சீமையிலே ஒரு வீட்டில் நகை காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்துக்கு முன்பாகக் கோடாங்கியிடம் போகின்றனர். உடுக்கை அடிக்கிறது. வெற்றிலையிலே மை தடவிப் பார்க்கின்றனர். "எடுத்தது வேற்றாளில்லை, வந்துபோகிற ஆள்தான், வடக்கே இருக்கிற வீடு" என்று குறி பிறக்கிறது. பெயர் சொல்லப்படவில்லை! பெயரைப் போட்டுக்கொள்வது கேட்டவர்களின் வேலை. வடக்கே இருக்கும் வீடுகளிலே எவள் ஏழையோ, எவள் கைம்பெண்ணோ, எவளோடு முன்பே வரப்புச் சண்டையோ, அவள் பெயர் அந்த வெற்றிடத்திலே தானாக வந்து உட்காருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் இதே முறைதான். செய்வினை வைத்தவள் யார் என்று தேடுவதிலே, மருத்துவமனைக்குப் போகவேண்டிய பொழுது கழிந்துவிடுகிறது.

மழை பெய்யவில்லை என்றால் கொடும்பாவி கட்டி இழுத்து, ஒப்பாரி வைத்து, கொளுத்துவது தென்சீமையின் பழைய வழக்கம். மழை ஏன் பொய்த்தது? எவனோ ஒரு பாவி இருக்கிறான்! தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. நம் சீமைக்கு வடகிழக்குப் பருவமே பெரும்பாலும் கதி. அந்தச் சில வாரங்களில் விழுவதைத் தேக்கவேண்டிய கண்மாய்களோ மேடிட்டுக் கிடக்கின்றன. இவை காரணங்கள். காரணத்தைக் கொளுத்த முடியாது. தூர் வாரவேண்டும், வரத்துக்கால் வெட்டவேண்டும், அதிகாரியிடம் கணக்குக் கேட்கவேண்டும். பாவியை மட்டும் ஒரு மாலைப்பொழுதிலே கொளுத்திவிடலாம். ஆகவே மக்கள் காரணத்தை விட்டுப் பாவியைத் தேடுகின்றனர்.

கதை கற்பித்த பழக்கம் இங்கேதான் நஞ்சாகிறது. கதையிலே எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு, ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு வில்லன் உண்டு, ஒவ்வொரு தடயமும் ஓரிடத்தைச் சுட்டும். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தால், வழியோடு போகும் அயலான் ஒவ்வொருவனும் சதிகாரனாகத் தெரிவான்.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணவேண்டாம். 2018ஆம் ஆண்டு மே மாதம். குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வந்திருக்கிறது என்று கைப்பேசிகளிலே செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியிலே, கோயிலுக்கு வழி தேடி உறவினரோடு காரில் வந்த ஒரு மூதாட்டி, தெருவிலே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அயலூர்க் கார், அறியாத முகம், குழந்தை, மிட்டாய் — எல்லாம் பொருந்திவிட்டன! கூட்டம் கூடிற்று. அடித்தே கொன்றது. அவர் செய்த குற்றம், குழந்தையைப் பார்த்துச் சிரித்தது. அடித்தவர்கள் அரக்கர்களா? நம்மைப் போன்றவர்கள், தம் பிள்ளைகளை நேசித்தவர்கள். துப்புத் துலக்கிவிட்டோம் என்று நம்பியவர்கள். உடைத்துப் பார்க்க ஒரு நாழிகை பொறுக்காத பாண்டியர்கள். மூதாட்டியின் காரை நிறுத்தி, காவல் நிலையத்துக்குச் சொல்லி, அரைமணி காத்திருந்தால் போதும், மாணிக்கம் தெறித்திருக்கும்.

இங்கே தோழர் ஒருவர் குறுக்கிடலாம். "சான்று, சான்று என்கிறீர்கள். சான்று யார் கையில் இருக்கிறது? கல்வெட்டு வெட்டியவன் அரசன். செப்பேடு எழுதியவன் அவைப்புலவன். பட்டா வைத்திருப்பவன் பண்ணையார். கோப்பு வைத்திருப்பவன் அதிகாரி. ஒடுக்கப்பட்டவனிடம் ஊகத்தைத் தவிர வேறு என்ன ஆயுதம் உண்டு? அதையும் பிடுங்கிக்கொள்வதா?" இது வலுவான கேள்வி; தட்டிக்கழிக்கத்தக்கதன்று.

ஊகத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை நாம். அதை எதற்குப் பயன்படுத்துவது என்றே கேட்கிறோம். தமிழர் நாகரிகம் தொன்மையானது, நகர வாழ்வு இங்கே சங்ககாலத்திலேயே இருந்தது என்பது நெடுநாள் ஊகமாக இருந்தது. மேடையிலே முழங்கியதால் அது மெய்ப்படவில்லை. மதுரைக்கு அருகே கீழடியிலே 2015 முதல் மண்ணைத் தோண்டினர். செங்கற் சுவர் வந்தது, எழுத்துப் பொறித்த ஓடு வந்தது. கரிமச் சோதனையிலே காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குச் செல்கிறது என்று 2019இல் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. ஊகம் கையிலே மண்வெட்டியைக் கொடுத்தது. மண்வெட்டி சான்றைக் கொடுத்தது. அத்திமூரிலே ஊகம் கையிலே தடியைக் கொடுத்தது. மண்வெட்டி எடுக்கச் சொல்லும் ஊகமா, தடி எடுக்கச் சொல்லும் ஊகமா? பிரித்தறிய இதுவே உரைகல்.

பகுத்தறிவு பேசுவோர் எளிதில் விழும் பள்ளம் ஒன்றும் உண்டு. எதையும் நம்பாதே என்பதை, எல்லாமே சதி என்று பாடம் பண்ணிக்கொள்வதே அது. பரளச்சியைச் சுற்றி அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்தையே பாருங்கள். நம் நிலத்தடி நீரை உறிஞ்சி நம்மை அழிக்க, வெளிநாட்டான் வேண்டுமென்றே விதைத்த சதி என்று ஒரு கதை ஊர்தோறும் உலவுகிறது. ஆவணமோ, 1870களிலேயே விறகுத் தேவைக்காகச் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியிலே அந்த மரம் நடப்பட்டதைக் கூறுகிறது. பின்பு விறகுக்கென வளர்த்தோம். வேளாண்மை நொடித்த நிலத்திலே தானும் பரவிற்று. கரிமூட்டம் போட்டுப் பிழைப்புக்கும் அதையே நம்பினோம். அதனால் கெடுதல் இல்லையா? உண்டு, பேசுவோம், அகற்றவேண்டிய இடத்திலே அகற்றுவோம். ஆனால் வெளிநாட்டுச் சதி என்று சொன்ன உடனே, கண்மாயைப் பேணாத நம் குற்றமும், கேட்காமல் விட்ட நம் சோம்பலும் மறைந்துவிடுகின்றன. அப்படி மறைக்கும் ஊகம், சிந்தனையின் உடை உடுத்திய கொடும்பாவி!

ஆகவே இளைஞர்க்கு மூன்று கேள்விகளைத் தருகிறோம். ஊகம் ஒன்று மனத்திலே எழும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் சான்று என்ன? எந்தச் சான்றைக் கண்டால் இதைக் கைவிடுவேன்? இது பொய்யாகிவிட்டால் அடிபடுபவர் யார்?

கதையிலே மூன்றாம் கேள்விக்கு விடை 'எவருமில்லை' என்பது. எனவே அங்கே கட்டற்று ஊகியுங்கள். வரலாற்றிலே அடிபடுவது மாண்டவரின் பெயர். ஆகவே 'இருக்கலாம்' என்ற சொல்லை விடாமல் கைக்கொள்ளுங்கள். வாழ்விலே அடிபடுவது உயிர். அது வடக்கு வீட்டுக் கைம்பெண்ணாக இருக்கலாம், மிட்டாய் நீட்டிய மூதாட்டியாக இருக்கலாம். அங்கே சான்று வரும்வரை தீர்ப்புச் சொல்லாதிருப்பதே வீரம். கூட்டம் 'இவள்தான்' என்று கூவும்போது, 'எப்படித் தெரியும்?' என்று கேட்டு நிற்க ஓர் ஆளேனும் வேண்டும். சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்லும் அந்த ஓர் ஆளை வளர்ப்பதற்குத்தான் பகுத்தறிவு!

கொன்றது யாரென்று அறியாதிருப்பது இழுக்கன்று. அறியாமலே ஒருவரைக் கொல்வதுதான் இழுக்கு.